புளோரன்ஸ் நெசவாளியை மேடையேற்றுவது எப்படி: ஒரு வரலாற்று டீச்சரின் குறிப்பு

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து மறுமலர்ச்சிப் பாடம் என்றால் பிள்ளைகள் ஓவியர்களின் பெயர்களை மடமடவென்று ஒப்புவிப்பார்கள். அதே ஊரில் கூலிக்கு உழைத்தவன் என்ன தின்றான், யாரிடம் கடன்பட்டான் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கம் நான் படிப்பிக்கும் வகுப்பில் இந்தப் பாடத்தைப் பதினைந்து நிமிட நாடகமாகச் செய்விக்கிறேன். செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காக அதன் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆண்டைப் பிடியுங்கள். நான் பிடிப்பது 1427. அந்த வருசம் புளோரன்ஸ் அரசு 'கத்தாஸ்தோ' என்ற வரிப் பதிவுக்காக வீட்டுக்கு வீடு கணக்குக் கேட்டது: என்ன சொத்து, யாருக்குக் கடன், சாப்பிட எத்தனை வாய். வாய்க்கு 200 புளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) கழிவு. குடியிருக்கும் வீட்டுக்கு வரியில்லை. பிள்ளைகளைக் குழுக்களாக்கி, குழுவுக்கொரு நெசவாளிக் குடும்பத்தின் வரிப் பத்திரத்தை எழுதவிடுங்கள். வசனத்தில் கைவைக்க முன்னம் இது முடியவேண்டும். கிழவர் யாரோடு இருக்கிறார், மகளுக்கு என்ன வயது, தறி வாங்கிய கடன் தீர்ந்ததா என்பதெல்லாம் கொப்பியில் ஏறிவிட்டால் கதைக்கு அலையத் தேவையில்லை.

அடுத்து எங்கள் பக்கத்து நெசவு ஊரான மருதமுனை. ஓடுகிற கைத்தறி ஒன்றின் பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவையுங்கள். மிதியை அழுத்தப் பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், பிரியும்; கயிற்றைச் சுண்ட, குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா மறுகரைக்குப் பாயும்; பலகை வந்து இழையை 'டக்'கென்று அடித்து இறுக்கும். நாடாவைப் பாயவைக்கும் அந்த ஏற்பாடு 1733இல்தான் வந்தது. புளோரன்ஸின் அகலமான கம்பளித் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, நாடாவைக் கையால் எறிந்து வாங்கினார்கள். நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எழும்பிப் போகவும் ஏலாது, கதைக்காமல் இருக்கவும் ஏலாது. நாடகத்தின் பெரும்பகுதியை அந்தத் தறி வாங்கிலேயே இருத்திவிடுங்கள்.

அவர்கள் கதைப்பது கூலியைப் பற்றி. முதலாளி கணக்கெழுதுவது தங்கப் புளோரினில். தொழிலாளி கைக்கு வருவது மதிப்பிறங்கும் சில்லறைக் காசு. கம்பளி வணிகர்களுக்குச் சங்கம் உண்டு, தொழிலாளர் சங்கம் அமைக்கத் தடை. 1378 ஜூலையில் 'சொம்பி' என்னும் கம்பளித் தொழிலாளர்கள் கிளர்ந்து நகர மண்டபத்தைப் பிடித்தார்கள். மிக்கேலே டி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளியே தலைமைப் பதவியில் இருந்தான். கிடைத்த உரிமைகள் சில வருசத்துக்குள் பறிபோயின. நாடகத்துக் கிழவர் அப்போது இளந்தாரி. இதை அவர் வாயால் சொல்லட்டும், அறிவிப்பாளர் வேண்டாம்.

சண்டை வரவேண்டிய இடம் மகளின் சீதனம். 1425இல் புளோரன்ஸ் அரசு ஒரு சீதன நிதியே தொடங்கியது. மகள் பேரில் பணம் போட்டுவைத்தால், பல வருசம் கழித்து வளர்ந்த தொகை கணவன் கைக்குப் போகும். நெசவாளியிடம் போடப் பணம் ஏது? ஏழை வீட்டுப் பிள்ளை வசதியான வீடொன்றில் வருசக்கணக்காக வேலைக்கு நிற்பாள். சீதனமே கடைசியில் கிடைக்கும் கூலி. எங்கள் பக்கத்தில் தாய் குவைத்துக்குப் போய் மகளுக்கு வீடு கட்டுவது பிள்ளைகளுக்குப் புதினமில்லை, உடனே பிடித்துக்கொள்வார்கள். 'யாருடைய உம்மா, அம்மா வெளிநாட்டில்?' என்று மட்டும் வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். இன்னொன்று: இங்கே வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். புளோரன்ஸில் அவள் பணத்தோடு புருசன் வீட்டுக்குப் போகவேண்டும். 'இந்த வீடு எனக்குத்தானே?' என்று மகள் பேசினால் சிவப்புப் பேனையால் வெட்டுங்கள்.

வெட்டவேண்டியவை வேறும் உண்டு. பிளேன்டீ, மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஒன்றும் அப்போது அங்கே இல்லை. ரொட்டி, அவரை, வெங்காயம், வைன் இருக்கலாம். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது. 'காலை எட்டு மணி' என்று சொல்லவிடாதீர்கள், அவர்கள் பொழுது பட்டதிலிருந்து 24 மணி எண்ணினார்கள். பின்திரையில் பேராலயத்தின் பெரிய குவிமாடம் அரைகுறையாக நிற்கட்டும். 1420இல் தொடங்கிய வேலை 1436இல்தான் முடிந்தது. யாராவது எங்கள் வடமோடி நாட்டுக்கூத்தின் கிரீடத்தோடு வந்து நிற்பான். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஓவியர் இல்லாமல் மறுமலர்ச்சியா என்று அதிபர் கேட்கக்கூடும். மசாச்சோவைக் கூப்பிடலாம். அந்த ஆண்டுகளில் ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, தொழிலாளர் தெருக்களுக்குப் பக்கத்துக் கார்மினே கோயிலில் சுவரோவியம் தீட்டியவர். 1427இல் அவரும் தாய், தம்பி, கடன்கள் என்று வரிப் பத்திரம் கொடுத்திருக்கிறார். பத்திரம் கொடுக்கும் வரிசையில் நெசவாளிக்குப் பின்னால் நிறுத்துங்கள். இரண்டு வரி வசனம் போதும்.