சாவி கையில் இருக்கும்போதே உதவி மையத்துக்கு வாருங்கள்

வீடு இழந்தவர்களுக்கும் இழக்கப் போகிறவர்களுக்குமான உதவி மையத்தின் வரவேற்பு மேசையில் நான் உட்கார ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வாரம், இதே மாதிரி ஒரு மேசைக்கு எதிரே மடியில் மகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில், சீக்கிரம் வாருங்கள். பெரும்பாலானவர்கள் சாமான் வெளியே வந்த பிறகுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஒரு மாத வாடகை நின்றபோதே போயிருந்தால், மையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்காரரிடம் பேசியிருப்பார். பாக்கியைத் தவணையாகப் பிரித்துக் கட்ட ஏற்பாடு செய்திருப்பார். ஒரு தடவை மட்டும் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதியிருப்பார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் புது வீடு, அதற்கு முன்பணம், சாமான் போட்டுவைக்க இடம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும்.

"நான் தெருவில் இல்லையே, அக்கா வீட்டுக் கூடத்தில்தானே படுத்திருக்கிறேன்" என்று தயங்குவார்கள். அதுவும் வீடின்மைதான். ஐரோப்பாவில் இந்தத் துறையில் வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியான்ட்சா 2005இல் வெளியிட்ட வகைப்பாட்டில், தெருவில் படுப்பவரும் காப்பகத்தில் இருப்பவரும் மட்டும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவரும், போக்கிடம் இல்லாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவரும் இருக்கிறார்கள். உதவி யாருக்கு என்கிற விதி இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நாங்கள். நீங்களே உங்கள் பெயரை அடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

வந்து உட்கார்ந்ததும் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத்தான் வாய் வரும். வேலை போனது, கடன் ஏறியது, யார் கைவிட்டது என்று. கேட்க எனக்கும் மனசு உண்டு, ஆனால் அதற்குள் அன்றைய படுக்கைகள் தீர்ந்துவிடலாம். ஆகவே இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், கூட யார் இருக்கிறார்கள், குழந்தையா, கர்ப்பிணியா, எந்த மருந்து எத்தனை நாளில் தீரும். வீட்டில் அடி உதைக்குப் பயந்து வந்திருந்தால் வேறு எதற்கும் முன்னால் அதைச் சொல்லுங்கள். முகவரியை வெளியே சொல்லாத தனி இல்லங்கள் அதற்கென்றே உண்டு. வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழுமே என்று இருந்தால் "தனியாகப் பேச வேண்டும்" என்றால் போதும், எழுந்து உள்ளே கூட்டிப் போவோம்.

இனி காகிதங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் நச்சரிப்பேன், காரணம் இருக்கிறது. ஒரு மழை ராத்திரியில் என் பை நனைந்து எல்லாம் கூழாகிவிட்டது. ஓர் அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிச் சான்று வாங்கப் போன இடத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். பத்தொன்பது நாள் பந்து மாதிரி உருண்டேன். கடைசியில் மையத்தின் சமூகப் பணியாளர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மையத்தின் முகவரியையே எனக்குத் தபால் முகவரியாக வைத்தார். பல மையங்களில் இந்த வசதி உண்டு, கேட்டால்தான் தெரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும். ஒரு நகலை நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் இடம் இருக்கிறது என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். எத்தனை மணிக்குக் கதவை மூடுவார்கள், காலையில் எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும், நாளைக்கும் இதே படுக்கையா அல்லது மறுபடி வரிசையா, பூட்டி வைக்கப் பெட்டி உண்டா, இன்சுலின் மாதிரி குளிரில் வைக்கும் மருந்தை எங்கே வைப்பது, கணவன் மனைவி பிள்ளைகளைப் பிரிப்பார்களா என்று கேளுங்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவர் கதவு மூடும் நேரத்தைக் கேட்காமல் போனால் வேலையா படுக்கையா என்று ஆகிவிடும்.

"குடியை விட்ட பிறகு வா, அப்புறம் வீடு" என்று சொல்லும் இடங்கள் இன்னும் உண்டு. 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் இதைத் திருப்பிப் போட்டார்: முதலில் நிரந்தர வீடு, மற்ற உதவியெல்லாம் அந்த வீட்டில் இருந்துகொண்டே. பின்லாந்து 2008இலிருந்து இதை நாட்டின் கொள்கையாக எடுத்துக்கொண்டு, பழைய காப்பகங்களை வாடகை வீடுகளாக மாற்றியது. கனடா 2009இல் ஐந்து நகரங்களில் சோதித்துப் பார்த்தபோது, வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இப்படி வீடு பெற்றவர்கள் அதிக நாள் வீட்டில் நிலைத்திருந்தார்கள். உங்கள் பக்கத்தில் 'முதலில் வீடு' திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். யாரிடம், என்றைக்கு, என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்; மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும். படுக்கை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு, ரசீது தர மாட்டேன் என்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

உணவு வங்கியில் வாங்கக் கூச்சமா? சாப்பாட்டுச் செலவில் மிச்சமாகும் பணம் வாடகைக்குப் போகும். அவ்வளவுதான் கணக்கு. காலுறையும் கேட்டு வாங்குங்கள். ஈரக் காலோடு நாள் முழுக்க நடந்தால் பாதம் புண்ணாகிவிடும். எங்கள் அலமாரியில் முதலில் தீர்வதும் காலுறைதான்.

வீடு கிடைத்துவிட்டால் பாதிப் பேர் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். முதல் மாதம்தான் கஷ்டம். புது வீட்டில் முதல் வாரம் நான் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்தேன், யாரோ எழுப்பி வெளியே போகச் சொல்வார்கள் என்று. அதனால் வாருங்கள். அந்த முகவரிக்கு முதல் மின்கட்டண பில் வந்ததும் கையோடு எடுத்து வாருங்கள். மற்ற எல்லாக் காகிதத்திலும் அந்த முகவரியை மாற்ற ஒரு மத்தியானம் ஆகும், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.