விசாகா கமிட்டியில் புதிதாக உட்காருபவர்களுக்கு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு (விசாகா கமிட்டி என்பது இதைத்தான்) வேண்டும், அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினாலும் தெரியும். நிறுவனத்தைச் சாராத வெளி உறுப்பினராக நான் போகும் இடங்களில் எனக்கு எரிச்சல் மூட்டுபவை வேறு.

'பாதுகாப்புக்காக' புகார் கொடுத்தவரை இடம் மாற்றுவது

புகார் வந்த மறுநாளே, புகார் கொடுத்த பெண்ணை வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்லெண்ணமாம். ஓர் ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். புகார்க் கோப்பின் மேல் சிவப்பு மையில் 'ரகசியம்'. மாற்றல் ஆணையின் அடியிலோ, 'பிரதி: பிரிவுத் தலைவர், நேரக் காப்பாளர், வாயிற்காவல், அறிவிப்புப் பலகை'. தேநீர் இடைவேளைக்குள் கேன்டீன் முழுக்க அவர் பெயர்தான். அந்த மாதமே இரவு ஷிப்ட் படியும் போயிற்று. புகாருக்கு ஆளான மேற்பார்வையாளர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். அதைப் பார்த்த பிறகு சாட்சி சொல்ல யார் வருவார்கள்? வரவிருந்த இருவரும் "நாங்கள் எதையும் பார்க்கவில்லை" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

விசாரணை நடக்கும்போது இடைக்கால நிவாரணம் வேண்டுமானால் புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்க வேண்டும், குழு பரிந்துரைக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. எதிர்த்தரப்பினரையும், அதாவது புகாருக்கு ஆளானவரையும், மாற்றலாம். மூன்று மாதம் வரை புகார் கொடுத்தவருக்கு விடுப்பு தரலாம். அது அவருடைய சொந்த விடுப்புக் கணக்கில் கழியாது. அவருடைய பணி மதிப்பீட்டை எதிர்த்தரப்பினர் எழுதாமல் தடுக்கவும் விதியில் இடமுண்டு. இப்படிக் கேட்கலாம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லி, என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

சமரசத்தை நாமே எடுத்துக்கொடுப்பது

புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும். பணப் பேச்சு அறவே கூடாது.

எதிர்த்தரப்பினர் பெயரை அவிழ்த்துவிடுவது

16ஆம் பிரிவின் ரகசியக் காப்பு அவருக்கும் உண்டு, சாட்சிகளுக்கும் உண்டு. மீறும் உறுப்பினருக்கு அபராதம் 5,000 ரூபாய். அவ்வளவுதான் என்பதாலோ என்னவோ, யாருக்கும் பயமில்லை.

நிரூபணமாகாததைப் 'பொய்ப் புகார்' என்று எழுதுவது

இரண்டும் ஒன்றல்ல. அறிக்கையில் கையெழுத்திடும் முன் 14ஆம் பிரிவைப் படியுங்கள்.

கண்ணாடி அறையில் விசாரணை

திரை போட்டாலும் வேண்டாம். உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் எந்தத் திரையும் மறைக்காது. வேறு மாடியிலோ வேறு கட்டடத்திலோ ஓர் அறை கேளுங்கள்.