கிராமத்துக்கு உணவுச் சுற்றுலா திட்டமிடுவது எப்படி: பணம் ஊரிலேயே தங்க ஒரு செய்முறை

உணவுச் சுற்றுலா என்றதும் பலரும் லோகோ, விளம்பரம், உணவுத் திருவிழா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதையெல்லாம் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். வருகிறவர் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு ஊருக்குள் தங்கும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: இருப்பதை எழுதுங்கள்

யார் என்ன விளைவிக்கிறார், யாரிடம் கறவை இருக்கிறது, எந்தச் சமையலுக்கு யார் கைப்பக்குவம் என்று பட்டியல் போடுங்கள். இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். பெரிய சார்ட் பேப்பரைப் பொது இடத்துச் சுவரில் ஒட்டினால் போதும், போகிற வருகிறவர்களே திருத்துவார்கள். சமைக்கிற பெண்களிடம் மட்டும் தனியாகப் போய்ப் பேசுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் பேச இடம் கிடைப்பது அரிது.

படி 2: பன்னிரண்டு மாதக் கட்டம்

எந்த மாதம் என்ன விளையும், எப்போது வேலை நெருக்கடி என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் குறியுங்கள். அறுவடைக் காலத்தில் பார்க்க நிறைய இருக்கும், ஆனால் சமைக்க ஆள் கிடைக்காது. அப்போது வயலைச் சுற்றிக் காட்டி, எளிய சாப்பாடு போடுங்கள். சமையல் வகுப்பெல்லாம் வேலை ஓய்ந்த மாதங்களுக்கு.

படி 3: பணம் எங்கே கசிகிறது?

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள், கூலி, எரிபொருள், வண்டி, முன்பதிவுக் கமிஷன் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உள்ளூர்', 'வெளியூர்' என்று குறிக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்கடையில் வாங்கிய எண்ணெயை எதில் சேர்ப்பது? எண்ணெய் வெளியிலிருந்து வந்திருந்தால் கடைக்காரரின் லாபம் மட்டுமே உள்ளூர். மீதி வெளியே போய்விட்டது. இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மையான கணக்கு வரும்.

உதாரணத்துக்கு, மொத்தத்தை 100 பங்காக வைப்போம். கமிஷன் 20, வெளியூர் வண்டி 25, வெளிப்பொருள் 25 என்றால் ஊருக்கு மிஞ்சுவது 30. இதைச் சரிசெய்ய நான் முதலில் கை வைப்பது உணவுப் பட்டியலில்தான். விளையாத பொருளைத் தேடி அலைவதைவிட அந்தப் பதார்த்தத்தையே எடுத்துவிடலாம். அடுத்து வண்டி: உள்ளூர் ஓட்டுநர்களுக்கு முறை வைத்துக் கொடுங்கள்.

இத்தாலி இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அங்கே பண்ணைச் சுற்றுலாவுக்கென 1985-இல் வந்த சட்டம், விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்றது. 2006-இல் வந்த புதிய சட்டப்படி, பரிமாறும் உணவில் சொந்தப் பண்ணைப் பொருளும் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பொருளுமே பெரும்பங்கு இருக்க வேண்டும்.

படி 4: சுத்தமும் அளவும்

தண்ணீர், கழிப்பறை, குப்பை மூன்றும் எத்தனை பேரைத் தாங்குமோ அதுவே உங்கள் உச்ச அளவு. சமையலுக்கு, உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இது: உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், பரிமாறும்வரை 60-க்கு மேல் சூடாக இருக்க வேண்டும், சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வாமை பற்றி முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

படி 5: கையில் கொடுத்தனுப்புங்கள்

சாப்பாடு ஒருநாள் வருமானம். பதப்படுத்திய பொருள், விருந்தினர் ஊர் திரும்பிய பிறகும் விற்கும். ஜப்பானின் ஒய்தா மாகாணத்தில் ஆளுநர் மொரிஹிகோ ஹிராமட்சு 1979-இல் தொடங்கிய 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கம் இந்த வழியில் போனதுதான்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்டதில் இரண்டைச் சேர்க்கிறேன்.

கடைசி நேரத்தில் ரத்து செய்தால்? பொருள் வாங்கும் செலவையாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள். சமைப்பவருக்கும் விவசாயிக்கும் அதிலிருந்து அன்றே கொடுத்துவிட வேண்டும்.

விருந்தினருக்கே எல்லாம் போய், ஊர்க்காரர்களுக்குப் பால், காய்கறி விலை ஏறினால்? இது நிஜமான ஆபத்து. ஒவ்வொரு பொருளிலும் ஊருக்கான அளவை முதலில் ஒதுக்கி, மிச்சத்தை மட்டும் சுற்றுலாவுக்கு எடுங்கள். மிச்சம் குறைந்தால் அந்த வாரம் முன்பதிவையும் குறையுங்கள்.