சின்ன எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் பெரிய கோப்பி: அளவான செலவில் எதை முதலில் மாற்றுவது?

வீட்டுக்கு ஒரு சின்ன எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை இதுதான்: இன்றைக்குப் புளிக்கிறது, நாளைக்குக் கசக்கிறது, கடையில் குடிக்கிற மாதிரி ஒருநாளும் வருவதில்லை. உடனே பெரிய மெஷினுக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். டெலோங்கி டெடிகா மாதிரி ஒன்று வீட்டில் ஒழுங்காக வேலை செய்தால், ஒதுக்கி வைத்த பணத்தில் பாதிக்கு மேல் கோப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டருக்குத்தான் போக வேண்டும். மெஷினை மாற்றுவது கடைசி வேலை.

1. தராசு

கொட்டையையும் கோப்பையில் இறங்கும் கோப்பியையும் நிறுக்கத் தராசு வேண்டும். செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு அளவுக்கு நுட்பம் தேவையில்லை. 0.1 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள்; மெஷினின் தட்டில் தராசையும் அதன் மேல் கோப்பையையும் வைக்க இடம் இருக்க வேண்டும்.

2. கிரைண்டர்

எஸ்பிரெஸ்ஸோ என்பது 9 பார் அளவு அழுத்தத்தில் சூடான தண்ணீரைக் கோப்பித்தூளுக்குள்ளால் தள்ளி எடுப்பது. அந்த அழுத்தத்தைப் பம்ப் மட்டும் உண்டாக்குவதில்லை. தூள் நெருக்கமாக இருந்து தண்ணீரைத் தடுத்தால்தான் அழுத்தம் ஏறும். தூள் பருமனாக இருந்தால் தண்ணீர் சட்டென்று ஓடிவிடும். மிக்சியில் அரைத்தால் ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் குறுணி. மாவு கசப்பைத் தரும், குறுணி புளிப்பைத் தரும். கடைத் தூளும் இதற்குச் சரிவராது. மல்லி, சுக்கு கலந்த நம் வீட்டுக் கோப்பித்தூளைச் சட்டியில் கொதிக்க வைத்துக் குடியுங்கள், அதன் சுவையே தனி. மெஷினுக்குள் மட்டும் போடாதீர்கள்.

அளவான பட்ஜெட்டுக்கு என் தெரிவு, உருக்குப் பற்கள் கொண்ட நல்ல கைக் கிரைண்டர். அதே தரத்தில் மின்சாரக் கிரைண்டர் என்றால் விலை பல மடங்கு ஏறும். வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, நைசை மாற்றும் வளையத்தைத் திருப்பும்போது ஒரு கிளிக்குக்குப் பற்கள் எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும் என்பது. கிங்கிரைண்டர் கே6 இல் அது 16 மைக்ரோன், எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பயன்படும். கிளிக் இடைவெளி இதைவிட மிகப் பெரிதாக இருந்தால், ஒரு கிளிக்கில் ஓட்டம் வேகமாகவும் அடுத்த கிளிக்கில் அடைத்துக்கொண்டும் நிற்கும். நடுவில் பிடிக்க முடியாது.

3. பாஸ்கெட்

மெஷினோடு வந்த பாஸ்கெட்டை, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் தூள் போடும் உலோகக் கிண்ணத்தை, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் ஒரேயொரு சின்னத் துளை இருந்தால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நல்ல கிரைண்டர் வாங்கினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அடி முழுக்கத் துளை உள்ள ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறுங்கள். விட்டம் முக்கியம்: டெடிகாவுக்கு 51 மில்லிமீற்றர், பிரெவில் பம்பினோவுக்கு 54, காஜியா கிளாசிக்குக்கு 58. சில மெஷின்களில் கைப்பிடியையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். அதே விட்டத்தில், தூளை அழுத்தும் உலோக டாம்பர் ஒன்றும் எடுங்கள், பிளாஸ்டிக் கரண்டியால் சமமாக அழுத்த முடியாது.

4. அளவைப் பிடிப்பது

பாஸ்கெட்டில் குறித்த அளவுக்குக் கொட்டையை நிறுத்து அரையுங்கள். 16 கிராம் தூள் போட்டால் கோப்பையில் 32 கிராம் இறங்க வேண்டும். பம்பைப் போட்டதிலிருந்து 25 முதல் 30 விநாடி வரை ஆனால் நல்லது. 15 விநாடியில் இறங்கிப் புளித்தால் தூளை இன்னும் நைசாக்குங்கள். 45 விநாடி இழுத்துக் கசந்தால் சற்றுப் பருமனாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளின் அளவையும் நைசையும் சேர்த்து மாற்றினால் எதனால் சுவை மாறியது என்று தெரியாது. அழுத்துவதற்கு முன் மெல்லிய ஊசியால் தூளைக் கிளறிக் கட்டிகளை உடைத்துவிடுங்கள்; செலவில்லாத வேலை, பலன் பெரிது.

கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்த கொட்டை சீக்கிரம் மணம் இழக்கும். வறுத்த திகதி போட்ட பைக்கற்றைச் சிறிதாக வாங்குங்கள். உறைபெட்டியில் வைப்பதானால் சிறு பொதிகளாகப் பிரித்து வையுங்கள். அடிக்கடி திறந்து மூடினால் உள்ளே ஈரம் படியும்.

5. தண்ணீர்

கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. பெரிதாகச் சுண்ணாம்பு இல்லை; குளோரின் மணம் போக வடிகட்டினால் போதும். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. மெஷினை அங்கே கொண்டுபோனால் உள்ளே படிவு வேகமாகச் சேரும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

6. அப்புறம்தான் மெஷின்

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை இருந்தால் மாற்றுங்கள், கிரைண்டர் புது மெஷினுக்கும் உதவும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது பம்பின் உச்சத் திறன், கோப்பிக்குத் தேவை 9 தான். வெப்பம் நிலையாக நிற்கிறதா, ரப்பர் வளையம் போன்ற பாகங்கள் கிடைக்குமா என்று பாருங்கள்.

கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொல்லி எடுப்பிக்க நினைத்தால் ஒரு விஷயம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றிச் செருகினால் மெஷின் கருகிவிடும். 1,300 வோட்டுக்கு மேல் இழுக்கும் ஹீட்டருக்குத் தாங்கும் டிரான்ஸ்போமர் பாரமும் விலையும் கூடியது. அதை வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, பம்ப் மெதுவாக ஓடும். லண்டன் உறவினர் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அங்குள்ள சதுர முள் பிளக் நம் 13 அம்பியர் பொயிண்டில் நேரே பொருந்தும். வெள்ளவத்தையில் பழைய வீடுகளில் வட்ட முள் பொயிண்டே இருந்தால், மலிவான அடப்டரில் செருகாமல் எலக்ட்ரீஷியனை அழைத்து 13 அம்பியர் பொயிண்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.