லண்டன்ல பேங்க் கார்ட டேப் பண்ணி ட்ரெயின் ஏறுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருஷா வருஷம் செப்டம்பர் வந்தா ஊர்லேருந்து படிக்க வர்ற பசங்க நாலஞ்சு பேராவது நம்ம வீட்டுக்கு வந்து சாப்ட்டுப் போவாங்க. இந்த தடவை சித்தி பையன் வந்திருந்தான். கை கழுவிட்டு வந்ததும் போன நீட்டி, "அண்ணே, பஸ்ஸுக்கும் ட்ரெயினுக்குமே இவ்வளவு போகுது, எல்லாருக்கும் இப்படித்தானா?"ன்னு கேட்டான். பேங்க் ஆப்ப தள்ளித் தள்ளிப் பாத்தா ஒரே தேதில டிஎஃப்எல் (லண்டன் பஸ், ட்ரெயினெல்லாம் பாத்துக்கிற அமைப்பு) பேர்ல ரெண்டு வரி, ஒரு நாள் மூணு வரி. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. 2019ல நான் பண்ணின அதே தப்பு.

உள்ள போறப்பவும் டேப் பண்ணணும், வெளிய வர்றப்பவும் டேப் பண்ணணும்ங்கிறதெல்லாம் ரெண்டாவது நாளே தெரிஞ்சிரும், அத விட்ருவோம்.

கார்டும் போனும் ஒண்ணுன்னு நினைக்கிறது

இதுதான் பெரிய தப்பு. அக்கவுண்ட் ஒண்ணு, கார்டு ஒண்ணு, அதே கார்டதான் போன்லயும் வாட்ச்லயும் ஏத்தி வச்சிருக்கோம், அப்புறம் எதுல தட்டினா என்னன்னு தோணும். ஆனா பிளாஸ்டிக் கார்டுக்கு ஒரு நம்பர், போன்ல ஏத்துறப்ப அதுக்குன்னு தனியா வேற ஒரு நம்பர் உருவாகும், வாட்ச்சுக்கு இன்னொண்ணு. கேட்ல இருக்கிற மஞ்சள் ரீடருக்கு உங்க பேரும் தெரியாது அக்கவுண்டும் தெரியாது, இந்த நம்பர் இத்தன மணிக்கு இந்த ஸ்டேஷன்ல தட்டுச்சுன்னு குறிச்சு அனுப்புறதோட அது வேலை முடிஞ்சுது. காலைல 4:30லேருந்து மறுநாள் காலை 4:29 வரைக்கும் ஒரு நாள்னு கணக்கு, அந்த நாள் முடிஞ்சப்புறம்தான் ஒவ்வொரு நம்பருக்கும் எவ்வளவுன்னு கூட்டி பேங்க்ல எடுப்பாங்க. ஆக மூணு நம்பர்ல தட்டினா நீங்க மூணு ஆளு.

தம்பி அன்னிக்கி ஸ்ட்ராட்ஃபோர்ட்ல கார்டுல உள்ள போயிருக்கான், வெளிய வர்றப்ப போன் கைலயே இருந்ததால அதுலயே தட்டிட்டான். கேட் திறந்துச்சு. திறந்ததும் எல்லாம் சரியா நடந்துச்சுன்னுதானே எவனும் நினைப்பான்? ஆனா கார்டு உள்ள போச்சு வெளிய வரல, போன் வெளிய வந்துச்சு உள்ள போகவே இல்ல. ரெண்டும் பாதில நிக்கிற, முடியாத பயணம், ரெண்டுக்கும் மேக்சிமம் ஃபேர், அதாவது அதிகபட்ச கட்டணம்.

இதாவது ஸ்டேட்மெண்ட்ல கண்ணுல படும். கண்ணுலயே படாம போற காசு இன்னொண்ணு இருக்கு, எனக்கு இன்னிக்கும் ஆறாதது அதுதான். இங்க ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்க மாட்டோம்னு ஒரு கேப், திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும் வாரத்துக்கு ஒரு கேப். லண்டன நடுலேருந்து வெளிய ஸோன் ஸோனா பிரிச்சுதான் கட்டணம், ஸோன் 1 நடு லண்டன். 2019ல 1-2 ஸோனுக்கு நாள் கேப் 7 பவுண்டு, வார கேப் 35.10 பவுண்டு. நான் அப்போ ஏழு நாளும் ஓடிட்டு இருந்தேன், வார நாள்ல ஆபீஸ், சனி ஞாயிறு இன்னொரு வேலை, தினமும் கேப் வரைக்கும் போயிரும். திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் போன், அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி கார்டு. போன்ல 28, கார்டுல 21, மொத்தம் 49. ரெண்டுமே 35.10ஐ தொடல, அதனால வார கேப் வேலையே செய்யல. ஒரே ஒரு நம்பர்ல தட்டியிருந்தா 13.90 மிச்சம். எந்த மெசேஜும் வராது, எந்த கேட்டும் சிவப்பு காட்டாது, ஒவ்வொரு கட்டணமும் தனியா பாத்தா சரியாதான் இருக்கும். ஏழெட்டு மாசம் இப்படியே போச்சு. பிடிச்சுப் பிடிச்சு செலவு பண்ணிட்டிருந்த காலம் அது, ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டிய காசு.

பஸ்ஸுக்கும் இதேதான். முதல் டேப்லேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தன பஸ் மாறினாலும் ஒரே காசுன்னு ஹாப்பர் இருக்கு, முதல் பஸ்ல வாட்ச் ரெண்டாவதுல கார்டுன்னா அதுவும் போச்சு.

அதனால ஒண்ண முடிவு பண்ணுங்க. நான் பிளாஸ்டிக் கார்டுதான் சொல்லுவேன், ஏன்னா அதுக்கு சார்ஜ் இறங்காது, நடுவழில போன் அணைஞ்சா வெளிய தட்ட முடியாம போகலாம். போன்தான் வேணும்னா எக்ஸ்பிரஸ் டிராவல் (லாக் திறக்காமலே தட்டுற வசதி) செட்டிங்ல எந்த கார்டு இருக்குன்னு பாத்து வச்சுக்கோங்க, வாட்ச்ல அத ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா கைய நீட்டுறப்ப வாட்ச் முந்திக்கும்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட்னா இதே விஷயம் உதவியா இருக்கும், ஒருத்தர் போன், ஒருத்தர் கார்டு, மாத்திக்காம இருந்தா போதும்.

ஊர் கார்ட அப்படியே எடுத்துட்டு வர்றது

ரிசர்வ் பேங்க் 2020ல கொண்டு வந்த விதிப்படி புது கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனையும் கான்டாக்ட்லெஸ்ஸும் (தட்டி காசு கட்டுறது) நாமளா ஆன் பண்ணினாத்தான் வேலை செய்யும். சென்னைல ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே பேங்க் ஆப்ல ரெண்டையும் ஆன் பண்ணிருங்க. வெளிநாட்டு பரிவர்த்தனைக்கு பேங்க் தனியா காசு பிடிக்கும், அதனால இங்க அக்கவுண்ட் திறந்ததும் மாறிருங்க.

ஹீத்ரோல முதல்ல வர்ற ட்ரெயின்ல ஏறுறது

ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்ஸும் எலிசபெத் லைனும் ஒரே பிளாட்பாரத்துக்கு வரும், ரெண்டுலயும் கார்டு செல்லும், எக்ஸ்பிரஸ்ல காசு ரொம்ப ஜாஸ்தி. போர்ட படிச்சுட்டு ஏறுங்க.

பஸ்ல இறங்குறப்ப டேப் பண்றது

வேண்டாம்.

பிங்க் ரீடர கண்டுக்காம போறது

கனடா வாட்டர், ஹைபரி, கோஸ்பல் ஓக் மாதிரி ட்ரெயின் மாறுற ஸ்டேஷன்ல பிங்க் கலர்ல ஒரு ரீடர் தனியா நிக்கும். ஸோன் 1 உள்ள போகாம சுத்தி வர்றவங்க அதுல தட்டினாத்தான் நீங்க சுத்தி வந்தீங்கன்னு சிஸ்டத்துக்குத் தெரியும், தட்டலன்னா நடு லண்டன் வழியா வந்தீங்கன்னு எடுத்துக்கிட்டு காசு போட வாய்ப்பு இருக்கு. அதுலயும் அதே கார்டுதான்.

ரயில்கார்டு வாங்கிட்டு பேங்க் கார்டு தட்டுறது

16-25 வயசுக்காரங்களுக்கான தள்ளுபடி அட்டை, ரயில்கார்டு, இருந்தா ஆஃப் பீக்ல (கூட்டம் கம்மியான நேரத்துல) மூணுல ஒரு பங்கு குறையும், ஆனா அத பேங்க் கார்டோட இணைக்க முடியாது. ஆய்ஸ்டர் கார்டு (காசு ஏத்தி வச்சு தட்டுற டிஎஃப்எல் கார்டு) வாங்கி, அதையும் ரயில்கார்டையும் ஸ்டேஷன்ல இருக்கிற ஸ்டாஃப்கிட்ட குடுத்தா மெஷின்ல ஏத்திக் குடுப்பாங்க. தம்பிக்கு மறுநாளே இதத்தான் பண்ணிக் குடுத்தேன்.

தட்டுனதோட மறந்துடறது

டிஎஃப்எல் ஆப்ல கார்ட சேத்து வச்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு தடவை பாருங்க. முடியாத பயணம்னு ஒரு வரி இருந்தா உடனே அங்கேயே ரீஃபண்ட் கேளுங்க, நாள் தள்ளாதீங்க. தம்பிக்கு அன்னிக்கி சாப்பாட்டு மேசைலயே உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டோம், கார்டுல உள்ள போனதையும் போன்ல வெளிய வந்ததையும் தேதி வாரியா எழுதி வச்சுக்கிட்டு.