வாகனம் பூட்டியிருக்கும், திறப்பு சுவரில் தொங்கும்: புஷ் ஸ்டார்ட் வாகனம் வைத்திருப்போர் விடும் தவறுகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் அலுவலகம் ஒரு சிறிய அறைதான். ரோட்டுப் பக்கச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஆணிகள், ஆணிக்கு ஒரு திறப்பு. ஹயருக்கும் வாடகைக்குமாக ஒன்பது வாகனங்கள் ஓடுகின்றன. அதில் ஏழு புஷ் ஸ்டார்ட், திறப்பைச் செருகாமல் பட்டனை அமத்தி எடுப்பவை. போன மாரியில் ஒருநாள் எங்கள் ஓட்டுநர் தம்பி ஒருவர் மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாகப் போனவர், அங்கே நிறுத்தியிருந்த அக்வாவின் கதவுப் பிடியில் சும்மா கைவைத்திருக்கிறார். கதவு திறந்துகொண்டது. நனைந்தபடி உள்ளே வந்து, "அண்ணன், கதவு திறக்குது. திறப்பு என்ட கையில இல்ல" என்றார்.

பலகையைப் பார்த்தேன். அந்தக் காரின் திறப்பு அதன் ஆணியில்தான் தொங்கியது. இந்தப் பக்கம் திறப்பு, அந்தப் பக்கம் கார், நடுவே ஒரு கல் சுவர். திறப்பு பக்கத்தில் இருக்கிறது என்று கார் நம்பிவிட்டது. ஒன்றும் களவு போகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், எங்கள் வாகனங்களில் செய்துபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாலைந்து வாகனத்தை வைத்துப் பிழைக்கும் எல்லோரும் நாங்கள் விட்ட அதே பிழைகளை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தத் திறப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கதவுப் பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய அலையை வீசும். 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அளவிலான அந்த அலை சுமார் ஒரு மீற்றருக்கு மேல் போகாதபடி வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுத் திறப்பு விழித்துக்கொண்டு, இரகசியக் குறியீட்டில் பதில் சொல்லும். ஜப்பானில் இருந்து வரும் வாகனங்களில் இந்தப் பதில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸில் வரும். அது பல மீற்றர் தூரம் போகக்கூடியது. பதில் சரியென்றால் கதவு திறக்கும், பட்டனை அமத்தினால் எஞ்சினும் எடுபடும்.

"குறியீடு இரகசியம்தானே, கள்ளனால் எப்படி உடைக்க முடியும்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உடைக்கத் தேவையே இல்லை. இரவில் கேற்றடியில் ஒருவன் நிற்கிறான். "ஆரது?" என்று அம்மா கேட்கிறார். அவன் கையில் இருக்கும் போனில் ஏறாவூரில் இருக்கும் மகனின் குரல், "நான்தானம்மா" என்கிறது. குரல் உண்மையாகவே மகனுடையது. அம்மா கேற்றைத் திறக்கிறார். கள்ளர் செய்வதும் இதுதான். ஒருவன் காரடியில் ஒரு கருவியோடு நிற்பான். மற்றவன் வீட்டு ஜன்னலோரமோ, கடையில் உங்கள் பின்னாலோ இன்னொரு கருவியோடு நிற்பான். காரின் கேள்வி ஒரு கருவியில் ஏறி மற்றதில் இறங்கும், திறப்பின் பதில் காருக்குப் போகும். சூரிச்சில் உள்ள சுவிஸ் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 8 நிறுவனங்களின் 10 மாதிரிகளில் இதைச் செய்துபார்த்தார்கள். பத்தும் ஏமாந்தன.

புதிய வாகனங்கள் சிலவற்றில் இதற்கு மாற்று வந்திருக்கிறது. பதில் வர எடுக்கும் நேரத்தை அளந்து, திறப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் கணக்குப் பார்க்கும். ரேடியோ அலை ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர்தான் போகும் என்பதால், நடுவில் ஆள் வைத்தால் அந்தத் தாமதமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நம்மூர் ரோட்டில் ஓடும் அக்வா, வெசல், பழைய பிரியஸ் போன்றவற்றில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, திறப்புகளை வாசல் பக்கம், ரோட்டுப் பக்கச் சுவர், ஜன்னலோர மேசை ஆகிய இடங்களில் வைப்பதுதான் முதல் தவறு. ஒரு வீட்டுக்கு அது ஒரு கார். நமக்கோ ஒரே பலகையில் முழுப் பிழைப்பும் தொங்குகிறது. மேலதிகத் திறப்பையும் அதே ஆணியில் மாட்டிவைப்பது அதைவிட மோசம். மேலதிகத் திறப்பு வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும்.

அலை போகாத உறை வாங்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். திறப்பை உறைக்குள் போட்டு, காரின் கதவோடு ஒட்டி நின்று பிடியை இழுங்கள். திறந்தால் உறை வேலைக்காகாது. மடிப்பில் தேய்ந்துபோகும் உறைகள் சில மாதத்திலேயே பயனில்லாமல் போய்விடுகின்றன. நாங்கள் முதலில் ஒரு பால்மாப் பேணியில் போட்டுப் பார்த்தோம். பிளாஸ்ரிக் மூடிப் பேணி அலையைத் தடுக்கவில்லை, தகர மூடி இறுக்கமாக இருந்த பிஸ்கட் பேணி தடுத்தது. உங்கள் பேணி தடுக்குமா என்பதை உங்கள் காரடியில்தான் பார்க்கவேண்டும்.

காசு செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பல டொயோட்டா ஸ்மார்ட் திறப்புகளில், பூட்டும் பட்டனை அமத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரண்டு தரம் அமத்தினால், சின்ன வெளிச்சம் நான்கு தரம் மின்னும். அதோடு திறப்பு உறங்கிவிடும், கார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. பற்றரியைச் சேமிக்கவென்று வைத்த வசதி இது. காலையில் ஏதாவது ஒரு பட்டனை அமத்தினால் எழும்பிவிடும். எங்கள் ஓட்டுநர்களுக்கு நான் முதலில் பழக்கியது இதைத்தான். அறுகம்பையில் சுற்றுலாப் பயணிகளை இறக்கிவிட்டு, லொட்ஜ் விறாந்தையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுப்பவர்களுக்கு வேறு எந்தப் பாதுகாப்பையும் சொல்லி வேலையில்லை.

ஓட்டுநர்கள் செய்யும் இன்னொரு தவறு, எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்குவது. கட்டுநாயக்காவில் இருந்து ஆட்களை ஏற்றிவரும்போது மன்னம்பிட்டியில் ஒரு தேநீர், அந்த நேரம் ஏசி ஓடட்டும் என்று விடுவார்கள். "திறப்பு என்ட பொக்கற்றில இருக்கு, ஆர் கொண்டுபோவான்?" என்பார்கள். கொண்டுபோகலாம். ஓடிக்கொண்டிருக்கும் வாகனம், திறப்பு வெளியே போய்விட்டது என்று சத்தம் போட்டு எச்சரிக்கும், ஆனால் எஞ்சினை நிற்பாட்டாது. நடு ரோட்டில் திறப்பின் பற்றரி செத்து வாகனம் நின்றால் உயிராபத்து என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஹைபிரிட் என்றால் எஞ்சின் சத்தமே இருக்காது, ஓடுகிறதா நிற்கிறதா என்று ஓட்டுநரே மறந்துபோவார்.

ரிமோட்டை அமத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பதும் அப்படித்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் சனம் நெரியும் நேரத்தில், ஒருவன் அதே அலைவரிசையில் இரைச்சலைப் போட்டுவிட்டால் உங்கள் ரிமோட்டின் சொல் காருக்குக் கேட்காது. கார் திறந்தபடி நிற்கும். சிக்னல் லைட் மின்னியதா, உள்ளே பூட்டுக் குமிழ் இறங்கியதா என்று கண்ணால் பாருங்கள். கதவை இழுத்துப் பார்ப்பது இந்த வகைக் கார்களில் சரிவராது. திறப்பு உங்கள் பொக்கற்றில் இருப்பதால் இழுத்ததும் கதவு திறந்துவிடும்.

வாடகைக்கு விடுபவர்களின் ஆபத்து

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. வாடகைக்கு விடுபவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, திறப்பையும் காரையும் நாமே கையில் கொடுத்துவிடுவதுதான். ஸ்ரியரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஓபிடி சொக்கற் இருக்கிறது. கராஜில் பிழை பார்க்க மெஷினைச் செருகுவது அதில்தான். அதே இடத்தில் வேறொரு மெஷினைச் செருகிப் புதிய திறப்பொன்றையும் காருக்கு அறிமுகப்படுத்தலாம். மூன்று நாள் வாடகைக்கு எடுத்தவர் காரையும் திறப்பையும் ஒழுங்காகத் திருப்பித் தந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தன் திறப்போடு வந்தால் காருக்கு அவரும் உரிமையாளர்தான். கண்ணாடி உடையாது, பூட்டு உடையாது.

எங்களுக்கு இது தற்செயலாகத்தான் உறைத்தது. பழைய கார் ஒன்றை ஒரு திறப்போடு வாங்கினோம். இரண்டாவது திறப்புப் போடக் கொடுத்தபோது, வயரிங் வேலை செய்யும் பாஸ் தன் மெஷினின் திரையைக் காட்டி, "இதில ஏற்கனவே மூண்டு திறப்பு பதிஞ்சிருக்கே" என்றார். மிச்ச இரண்டும் எங்கே, யாரிடம்? விற்றவருக்கும் தெரியவில்லை. பழையதை எல்லாம் அழித்து, எங்கள் கையில் உள்ள இரண்டை மட்டும் பதியச் சொன்னோம். பாவித்த வாகனம் வாங்கும் எவரும் முதல் கிழமையிலேயே செய்யவேண்டிய வேலை இது. வாடகை வாகனங்களில் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கிறோம். எண்ணிக்கை கூடியிருந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் பதிய வேண்டியதுதான்.

சின்னச் சேதத்தைக் கணக்கெடுக்காமல் விடுவதையும் சொல்லவேண்டும். 2022இல் லண்டனில் ஒரு வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ரவ்4 காரில் முன் பம்பர் இழுபட்டு, ஹெட்லைட் வயர் கழன்று கிடந்தது. யாரோ வம்புக்குச் செய்தது என்றே முதலில் நினைத்தார். சில மாதத்தில் கார் காணாமல் போனது. அதை ஆராய்ந்து 2023இல் கென் டிண்டெல் என்ற பொறியியலாளர் எழுதினார். ஹெட்லைட் வயர் வழியே காரின் உள் வலையமைப்புக்குள் புகுந்து, "சரியான திறப்பு இருக்கிறது" என்ற பொய்ச் செய்தியைக் கள்ளர் செலுத்துகிறார்கள். அதற்கான கருவி புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றின் கூட்டுக்குள் மறைந்திருந்தது. ஜப்பானிலும் லேண்ட் குரூசர், அல்பார்ட் போன்ற வாகனங்கள் இந்த வகையில் போயிருக்கின்றன. இந்தக் களவில் உங்கள் திறப்புக்கு எந்த வேலையும் இல்லை. ஆகவே உறையும் பேணியும் இங்கே உதவாது. உதவுவது பழைய இரும்புதான். ஸ்ரியரிங்கில் மாட்டும் பூட்டு, எரிபொருள் பம்பை வெட்டும் ஒரு மறைவான சுவிச். சுவிச்சை ஒவ்வொரு வாகனத்திலும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு ஒன்பதும் கிடைக்கக்கூடாது.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அதன் சிம்முக்கு ரீலோட் போட்டிருக்கிறதா? இரவு 2 மணிக்கு வரும் எச்சரிக்கை யாருடைய போனுக்கு வருகிறது? மட்டக்களப்பில் ஒரு வசதி, வாகனம் வெளியேறும் பெரும் பாதைகள் குறைவு. வடக்கே ஏ15இல் வெருகல், மேற்கே ஏ11இல் புனானை, செங்கலடியால் போகும் ஏ5இல் மகாஓயா, தெற்கே ஏ4. இந்த நாலு பக்கமும் ஜிபிஎஸ்ஸில் எல்லை போட்டு, ஹயர் இல்லாத நேரத்தில் வாகனம் தாண்டினால் இரண்டு பேருடைய போன் அடிக்கும்படி வைத்திருக்கிறோம். ஜிபிஎஸ் கருவியைப் பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டச் சம்மதிக்காதீர்கள், கள்ளன் முதலில் கைவைப்பது அங்கேதான்.

கடைசியாகக் காப்புறுதி. மூன்றாந்தரப்புக் காப்புறுதிக்குக் களவுக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி எடுத்தும், தனிப்பட்ட பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் ஏறிய விலைக்குப் போன காரைத் திரும்ப வாங்குவது லேசில்லை, லீசிங் தவணையோ நிற்காது. களவு போனால் எல்லாத் திறப்பையும் கொண்டுவரச் சொல்லிக் காப்புறுதிக்காரர் கேட்பது வழக்கம். எத்தனை திறப்பு, எது யார் கையில், எந்தத் திகதியில் எண்ணியது என்று ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனிலும் வைத்திருங்கள். 119க்கு அழைத்துவிட்டு பொலிசுக்குப் போகும்போது எஞ்சின் இலக்கம், செசி இலக்கத்தோடு அதையும் கொண்டு போகலாம்.