டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறுகிறதா? பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஆயில் குறைந்தால் பதறிப்போகிறோம். ஏறியிருந்தால், “பரவாயில்லை, வண்டி ஆயில் குடிக்கலை” என்று ஆயில் அளக்கும் குச்சியைத் துடைத்துச் செருகிவிட்டு பானெட்டை மூடிவிடுகிறோம். ஆனால் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் தானாக ஊறாது. லெவல் ஏறியிருந்தால் வேறு ஏதோ ஒன்று உள்ளே இறங்கியிருக்கிறது. டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்திய டீசல் கார்களில் அது பெரும்பாலும் டீசல்தான்.

டீசல் எப்படி உள்ளே வருகிறது

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது, டீசல் கார் வெளிவிடக்கூடிய கரித்துகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாக இறங்கியது. அதைச் சமாளிக்கத்தான் சைலன்ஸர் பைப்பில் டிபிஎஃப் வந்து உட்கார்ந்தது. தேன்கூடு மாதிரியான பீங்கான் வடிகட்டி அது. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. ஊருக்குள் ஊர்ந்து போகும் வண்டியின் புகையில் அதில் பாதிகூட இருக்காது.

எனவே இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்கிறது. பிஸ்டன் தன் தள்ளலை முடித்து வெகுவாகக் கீழே இறங்கிய பிறகு, காலம் கடந்து கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. அது சிலிண்டருக்குள் எரியாமல் புகையோடு போய், டிபிஎஃப்புக்கு முன்னால் உள்ள கேட்டலிஸ்ட்டில் எரிந்து சூட்டை ஏற்றுகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். சிக்கல் இங்கேதான். அப்படிப் பீய்ச்சும் டீசல் முழுவதும் வெளியே போவதில்லை. ஒரு பங்கு சிலிண்டரின் உட்சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வழிந்து சம்ப்புக்குள் இறங்குகிறது. பெட்ரோலாக இருந்தால் ஆயில் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகி ப்ரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை ஏர் இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) வழியே போய்விடும். டீசல் கொதிப்பது சுமார் 180 முதல் 360 டிகிரிக்குள். ஆயிலின் சூடோ 90 முதல் 110 டிகிரிதான். வந்தது தங்கிவிடும். டீசலில் கலந்துள்ள பயோடீசல் இன்னும் கனமானது, அது அசையவே அசையாது.

ஒரு ரீஜென் முழுதாக முடிந்தால் சம்ப்பில் சேர்வது சொற்பம். அது முடிய 15, 20 நிமிடம் ஆகும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் 6 கி.மீ. என்றால், பாதியில் சாவியைத் திருப்பிவிடுவீர்கள். சூடேற்றச் செலவான டீசல் வீண். சாயங்காலம் திரும்ப ஆரம்பம், திரும்பப் பாதியில் நிறுத்தம். கரி எரியாது, டீசல் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். டிரைவர் ஏசி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைக்கும் வண்டிகளின் கதை இன்னும் மோசம். கரி சேரும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது.

அளப்பதை ஒழுங்காக அளக்க வேண்டும்

ஆயில் ஏறுகிறது என்று வரும் புகார்களில் ஒரு பங்கு அளவுக் கோளாறு. ஆயில் சூட்டில் விரியும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம். 5 லிட்டர் ஆயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் 210 மி.லி. விரிந்துவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு தடவை, சாயங்காலம் சூட்டோடு ஒரு தடவை பார்த்துவிட்டு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

எப்போதும் ஒரே இடம், ஒரே நிலை. சமதளமான தரையில் நிறுத்துங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்துக்காகச் சரித்துப் போடப்பட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, 10 நிமிடம் விடுங்கள். குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவுங்கள். குச்சியின் இரண்டு பக்கமும் பாருங்கள். குறைவாகக் காட்டும் பக்கம்தான் சரி. மற்றது குழாய்ச் சுவரில் உரசி ஒட்டியது. உங்கள் கையேடு வேறு நிலையில் அளக்கச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

பிறகு ஒரு ஸ்கேல் எடுத்து, மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று பாருங்கள். பல கார்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். உங்கள் வண்டியின் கணக்கு கையேட்டில் இருக்கும். இடைவெளி 20 மி.மீ., அளவு 1 லிட்டர் என்றால், ஒரு மி.மீ.க்கு 50 மி.லி. போன சர்வீஸுக்கு அடுத்த நாள் இருந்த இடத்திலிருந்து 6 மி.மீ. ஏறியிருந்தால் 300 மி.லி. டீசல். 5 லிட்டர் சம்ப்பில் அது கிட்டத்தட்ட 6 சதவீதம்.

“சர்வீஸுக்கு அடுத்த நாள்” என்று சொன்னதில் காரணம் இருக்கிறது. கேன் 5 லிட்டர் என்பதால் 5 லிட்டரையும் ஊற்றிவிடுவதும், பழைய ஆயில் முழுதாக வடியும் முன்பே பிளக்கைப் போடுவதும் நடக்கிற காரியங்கள்தான். அப்போது முதல் நாளே மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். அது டீசல் இல்லை, ஊற்றியவர் கைவரிசை. டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூப் விட்டு, சிரிஞ்சால் அதிகமானதை உறிஞ்சி எடுத்தால் தீர்ந்தது. டீசல் கலந்து ஏறிய ஆயிலில் இந்த வித்தை உதவாது. 300 மி.லி.யை எடுத்தாலும் மிச்சமிருப்பதில் டீசல் அதே 6 சதவீதம்தான். லெவல் மட்டும் அழகாகத் தெரியும்.

இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 10,000 கி.மீ. ஓடியும் லெவல் துளிகூட மாறவில்லை என்றால் அதையும் சந்தேகியுங்கள். இன்ஜின் 300 மி.லி. ஆயிலை எரித்து, 300 மி.லி. டீசலை உள்ளே வாங்கியிருந்தாலும் குச்சி அதே இடத்தைத்தான் காட்டும். குச்சி நுனியை மோந்து பாருங்கள். ஒரு சொட்டு ஆயிலை காபி வடிகட்டும் ஃபில்டர் பேப்பரில் விட்டு ஒரு இரவு வைத்து, காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல் நிறம், அதற்கும் வெளியே எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் போல ஒளி ஊடுருவும் அகலமான வளையம் தெரிந்தால் டீசல் கலந்திருக்கிறது. எவ்வளவு என்று இந்தச் சோதனை சொல்லாது. சதவீதம் வேண்டுமென்றால் ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு 100 மி.லி. அனுப்ப வேண்டும்.

மெலிந்தால் என்ன ஆகும்

5டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். டீசலோ 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5தான். ஐந்து சதவீதம் கலந்தாலே 30 கிரேடு ஆயில் 20 கிரேடின் எல்லைக்குள் இறங்கிவிடலாம். முதலில் அடி வாங்குவது டர்போ பேரிங்கும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்குகளும். லெவல் மிகவும் உயர்ந்தால் கிராங்க்கே ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரையில் ஆயில் பிரஷர் நிற்காது. ப்ரீதர் வழியே ஆயில் ஏர் இன்டேக்குக்குள் போக ஆரம்பித்தால் அது வேறு ஆபத்து, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரீஜென்தான் காரணமா?

நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். 500, 600 கி.மீ. சீராக ஓடிய பிறகு லெவல் அப்படியே இருந்தாலோ சற்று இறங்கினாலோ, ஊருக்குள் ஓட்டும் விதம்தான் காரணம். அங்கேயும் ஏறினால் இன்ஜெக்டரைப் பாருங்கள்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, ஐடிலில் உதறல் இருக்கும். சில இன்ஜின்களில் டீசல் ஹை பிரஷர் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போய், டீசல் நேராக டைமிங் பக்கம் வழியே சம்ப்பில் இறங்கும். அப்போது ஏற்றம் வேகமாக, விடாமல் இருக்கும்.

ஆயில் மூடிக்கு அடியில் பால்காபி நிறத்தில் கூழ் இருந்தால் தண்ணீர். மழைக்காலத்தில் குட்டிக் குட்டி ஓட்டங்களில் மூடியில் மட்டும் கொஞ்சம் படிவது சகஜம். குச்சியிலும் அதே நிறம், கூலன்ட் டப்பாவும் குறைகிறது என்றால், ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஓபிடி (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) புளூடூத் அடாப்டரும் ஒரு மொபைல் ஆப்பும் இருந்தால் உங்கள் வண்டியின் கரி அளவு, கடைசி ரீஜெனுக்குப் பின் ஓடிய தூரம் ஆகியவற்றைப் பல கார்களில் படிக்கலாம். இரண்டு ரீஜெனுக்கு நடுவே 200 முதல் 500 கி.மீ. வந்தால் நலம். 100 கி.மீ.க்கு ஒரு முறை வந்தால், ஆயில் மாற்றி மட்டும் பிரயோஜனமில்லை. கரி ஏன் இவ்வளவு சேருகிறது என்று தேட வேண்டும். முதலில் தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடி இன்ஜின் சூட்டைக் காக்கும் வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் 85, 90 டிகிரியைத் தொடவே தொடாது. ரீஜென் ஒழுங்காகத் தொடங்காது, முடியாது. விலை குறைவான பொருள், ஆனால் கடைசியாகத்தான் மாற்றுவார்கள்! அடுத்து, டிபிஎஃப் பிரஷர் சென்ஸருக்குப் போகும் இரண்டு சின்ன ரப்பர் ஹோஸ்கள். வெடித்திருந்தால் கணக்கே தப்பு. பிறகு இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), டர்போ ஹோஸ் லீக். எல்லாம் சரி, வண்டி ஒன்றரை இரண்டு லட்சம் கி.மீ. ஓடிவிட்டது என்றால், எரியாத சாம்பல் டிபிஎஃப்பை அடைத்திருக்கலாம்.

டிபிஎஃப்பையே கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் கடைகள் உண்டு. சட்டத்துக்கும் விரோதம், பக்கத்தில் நடக்கிறவர் நுரையீரலுக்கும் விரோதம்.

ரீஜெனை முடிக்க விடுவது

ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கலாம். 750, 800ல் நிற்கும் ஐடில் ஆர்பிஎம் 950, 1000க்கு ஏறியிருக்கும். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. மைலேஜ் மீட்டர் திடீரென்று சரியும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சீறிக்கொண்டிருக்கும், சூடான இரும்பு வாசனை வரும். அந்த நேரம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், இன்னும் 10, 15 நிமிடம் ஒரு சுற்று போய் வாருங்கள். ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 ஆர்பிஎம், முடிந்தால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் வையுங்கள். டேங்கில் கால் பங்காவது டீசல் இருக்கட்டும். ரிசர்வில் ஓடும்போது பல வண்டிகள் ரீஜென் செய்யாது. காய்ந்த புல், சருகு மேல் நிறுத்த வேண்டாம்.

ஆயில் மாற்றும்போது வரிசை முக்கியம்

மேல் கோட்டுக்கு மேல் 2, 3 மி.மீ. என்றால் அந்த வாரமே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். 5 மி.மீ. தாண்டிவிட்டால் நீண்ட பயணம் வேண்டாம், உடனே மாற்றுங்கள். பலரும் தவறுவது இதில்தான்: புது ஆயில் ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்கேனர் போட்டு நின்ற இடத்தில் ரீஜென் செய்வார்கள். அந்த ஒரு ரீஜெனே புது ஆயிலில் டீசலைக் கலந்துவிடும். முதலில் கோளாறைச் சரி செய்து, டிபிஎஃப்பில் கரி அதிகமிருந்தால் ரீஜெனை முடித்து, ஆறவிடாமல் சூட்டோடு ஆயிலை இறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரும் டிரெயின் பிளக் வாஷரும் புதிது. சொட்டு நிற்கும்வரை, குறைந்தது 15 நிமிடம் வடியட்டும்.

ஆயில் லோ சாப்ஸ் வகையாக, அதாவது எரிந்தால் சாம்பல் குறைவாக விடுவதாக இருக்க வேண்டும்: கையேட்டில் ஏசிஇஏ (ஐரோப்பியத் தரக் குறியீடு) சி2, சி3 என்பது போலக் குறிப்பிட்டிருப்பார்கள். சி3 ஆயிலில் சல்ஃபேட்டட் ஆஷ் (எரிந்த பின் மிஞ்சும் சாம்பல்) 0.8 சதவீதத்தைத் தாண்டாது. “மெலிந்துபோகிறதே, கெட்டியாக 15டபிள்யூ-40 ஊற்றலாம்” என்று பழைய சிஐ-4 லாரி ஆயிலை ஊற்றினால், அதன் சாம்பல் டிபிஎஃப்பை அடைத்து ரீஜெனை இன்னும் அடிக்கடி வரவழைக்கும்.

கையேட்டில் சொன்ன அளவில் 300 மி.லி. குறைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, 10 நிமிடம் பொறுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே முக்கால் வரை நிரப்புங்கள். மேல் கோடு வரை நிரப்பினால் டீசல் வர இடமே இல்லாமல் போகும். பிறகு சர்வீஸ் கவுன்டரை ரீசெட் செய்ய வேண்டும். சில கார்களில் கம்ப்யூட்டர், ரீஜென் எண்ணிக்கையை வைத்து டீசல் கலப்பைக் கணக்குப் போட்டுவரும். அதை ஸ்கேனரில்தான் பூஜ்யமாக்க முடியும். ஆயில் மாற்றாமல் கவுன்டரை மட்டும் அழிப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

எத்தனை கி.மீ.க்கு ஒரு முறை? சராசரி 20 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. என்றால் இன்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 60ல் அதே தூரத்துக்கு 167 மணி நேரம் போதும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு 5,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்று வைத்துக்கொள்வது அதிகச் செலவு இல்லை.

இன்ஜின் தானாக ரேஸ் ஆனால்

ப்ரீதர் வழியே இன்டேக்குக்குப் போன ஆயிலையும் டீசலையுமே குடித்து இன்ஜின் ஆக்சிலேட்டர் மிதிக்காமலே வீறிட ஆரம்பிக்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம், ஏனென்றால் எரிபொருள் இன்ஜெக்டரிலிருந்து வரவில்லை. மேனுவல் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, ஐந்தாவது அல்லது ஆறாவது கியரைப் போட்டு, கிளட்ச்சைச் சட்டென விட்டு இன்ஜினை அடைத்து நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி: ஏர் இன்டேக் வாயைத் தட்டையான பலகையாலோ தடித்த ரப்பர் மேட்டாலோ மூட வேண்டும், இல்லை கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை உள்ளே அடிக்க வேண்டும். வெறும் கையை வைக்கவே கூடாது. அருகில் போக முடியாத அளவுக்கு ஆர்பிஎம் ஏறிவிட்டால், எல்லோரையும் இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். நின்ற இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.